வேகத்துக்கு இரண்டு கடிவாளம்

மவுரிட்ஸ் காட்சோனிடெஸுக்கு எவ்வளவு வேகமும் போதாது. நெதர்லாந்தைச் சேர்ந்த இந்தக் கார்ப் பந்தய வீரர் 1953-இல் மாண்டி கார்லோ ராலியை வென்றவர். வளைவில் எத்தனை வேகத்தில் திரும்புகிறோம் என்று துல்லியமாகத் தெரிந்தால் இன்னும் விரைவாகத் திரும்பலாமே என்று யோசித்தார். சாலையின் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களைப் போட்டார். முதல் குழாயில் சக்கரம் ஏறியதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். அடுத்ததில் ஏறியதும் நிற்கும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். 1958-இல் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். பறக்க ஆசைப்பட்டவர் செய்த கருவியைப் போலீஸ்காரர்கள்தான் ஆவலாக வாங்கிப் போனார்கள்.

பிறகு குழாயின் இடத்துக்கு ராடார் வந்தது. கம்பத்தின் மேலுள்ள பெட்டியிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை, காரில் பட்டுத் திரும்பும். ரயில் நம்மைத் தாண்டிப் போனதும் அதன் ஹாரன் சுருதி இறங்குகிறதல்லவா? அதேபோல, விலகிப் போகும் காரில் பட்டு வரும் அலையின் அதிர்வெண் சற்றுக் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடலாம். வரம்பு மீறியிருந்தால் அரை நொடி இடைவெளியில் இரண்டு படங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் அதற்குள் ஏறக்குறைய 7 மீட்டர் நகர்ந்திருக்கும். சாலையில் சம இடைவெளியில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளை எண்ணி, ராடார் சொன்னது சரிதானா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இந்தப் பெட்டியின் பலவீனம் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். கண்ணில் பட்டதும் பிரேக், தாண்டியதும் ஆக்சிலரேட்டர்.

அந்தத் தந்திரத்துக்கும் நெதர்லாந்தில் பதில் உண்டு. 2002-இல் ராட்டர்டாமின் ஓவர்ஸ்கீ பகுதியில், ஏ13 நெடுஞ்சாலையின் வேக வரம்பை 80 கிலோமீட்டராகக் குறைத்துச் சராசரி வேகத்தை அளக்கத் தொடங்கினார்கள். ஓரிடத்தில் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமரா, சற்றுத் தொலைவில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80-இல் வருபவருக்கு 135 நொடி ஆகும். அதற்கு முன்பே வந்து சேர்ந்தால் வீட்டுக்கு அபராதக் கடிதம். கேமராவின் முன் மட்டும் பதுங்கிப் பயனில்லை. நடந்து போகிறவர்களே இல்லாத நெடுஞ்சாலைக்கு இதைவிடப் பொருத்தமான கடிவாளம் வேறு இருக்கும் என்று தோன்றவில்லை.

வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவின் கதை வேறு. 1971-இல் நெதர்லாந்துச் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் கிளம்பியது. அந்தக் காலத்தில் டெல்ஃப்ட் நகராட்சிப் பொறியாளர் யோஸ்ட் வால் தெருவையே மாற்றிக்கொண்டிருந்தார். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவிலிருந்த விளிம்புக்கல் போயிற்று. நேர்க்கோடாக இருந்த பாதை மரங்களையும் பூந்தொட்டிகளையும் சுற்றி வளைந்தது. ‘வோன்எர்ஃப்’, அதாவது குடியிருப்பு முற்றம், என்று அழைக்கப்பட்ட இந்த வகைத் தெருவுக்கு 1976-இல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. அங்கே தெருவின் முழு அகலமும் நடப்பவர்களுக்குச் சொந்தம், குழந்தைகள் நடுத்தெருவில் விளையாடலாம், கார் மிக மெதுவாகத்தான் ஊர வேண்டும்.

வேகத்தடையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதை ஒழுங்காகக் கட்டுவதற்குக் கணக்கு இருக்கிறது. 1970-களில் பிரிட்டனில் சோதித்துத் தேறிய மேட்டின் உயரம் 10 சென்டிமீட்டர், நீளம் 3.7 மீட்டர். மெதுவாக வந்தால் படகுபோல ஏறி இறங்கலாம்; விரைந்து வந்தால்தான் உதைக்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டியிலும் இதே அளவுதான். நம் தெருவில் ஒரு முழ அகலத்துக்குத் திடீரென்று எழும்பி, மெதுவாக வருபவரின் முதுகையும் பதம் பார்க்கும் மேடு எந்த வழிகாட்டியில் இருக்கிறதோ!

இத்தனை பாடு எதற்கு என்றால், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியில் ஏறுகிறது. 50-இல் வரும் காரின் மோதல் ஆற்றல் 30-இல் வருவதைப்போல் 2.8 மடங்கு. ஆம்ஸ்டர்டாம் 2023 டிசம்பரில் பெரும்பாலான தெருக்களுக்கு 30-ஐ வரம்பாக்கியது. ஆனால் அகலமான நேர்ச்சாலையில் 30 என்று பலகை மட்டும் நட்டால், பலகை ஒன்று சொல்லும், சாலை வேறொன்று சொல்லும். ஓட்டுநரின் கால் சாலையின் பேச்சைத்தான் கேட்கும்.

இதைக் கடைசி எல்லைவரை இழுத்துப் பார்த்தவர், நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்துப் பொறியாளர் ஹான்ஸ் மோண்டர்மன். விளிம்புக்கல்லோடு அறிவிப்புப் பலகைகளையும் பிடுங்கியவர். கோலால் விளிம்பைத் தடவி வழி கண்டுபிடிக்கும் பார்வையற்றோருக்கு இப்படிப்பட்ட தெரு பெருந்தொல்லை. அந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் 1980-களில் அவுடஹாஸ்க கிராமத்தில் அவர் கண்டதாகச் சொன்னது சுவாரசியமானது. ஊர்த் தெருவை ஊர்த் தெருவாகவே தோன்றும்படி மாற்றிவிட்டு, பிறகு ராடார் துப்பாக்கியோடு போய் நின்றிருக்கிறார். 30-க்கு மேல் போனால்தான் அது எண் காட்டும். கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. கையிலிருந்த கருவி எதையும் காட்டவில்லை.