பாட்டுக்குப் பெயர் எழுதி வையுங்கள்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வந்து, அங்கிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிற மலைச்சாலையில் செல்போன் சிக்னல் விட்டு விட்டே கிடைக்கிறதாகையால், நினைத்த மாத்திரத்தில் இணையத்திலிருந்து பாட்டை வரவழைத்துக் கேட்கும் சௌகரியம் நகரவாசிகளுக்கு எத்தனை சகஜமாகிவிட்டபோதிலும், இந்த மலைப்பக்கத்தில் கையிலிருக்கும் மெமரி கார்டையே நம்பிப் பாட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. செல்போன் கடையில் கார்டை நீட்டி, “பழைய பாட்டா ஏத்திக் குடுங்க” என்று கேட்டு வாங்கிய வழக்கத்தால் பாட்டுகள் ஏராளமாகச் சேர்ந்தன. ஆனால் சேர்ந்தவற்றைக் கிரமமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை.

இவ்வளவு பாட்டு இத்தனை சிறிய கார்டில் அடங்குவது எப்படி? குறுந்தகட்டில் ஒலியானது வினாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதியப்படுவதால், ஒரு நிமிஷ சங்கீதத்துக்குச் சுமார் 10 எம்.பி. இடம் தேவைப்படுகிறது. பலத்த ஒலி ஒன்றின் அருகில் எழும் மெல்லிய ஒலியை மனிதச் செவி கவனிப்பதில்லை என்ற உண்மையை ஆதாரமாகக் கொண்டு, ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தார் முக்கியப் பங்கேற்று உருவாக்கிய எம்.பி.3 முறை, செவிக்கு எட்டாத அம்சங்களை நீக்கிவிட்டு, அதே ஒரு நிமிஷத்தைச் சுமார் 1 எம்.பி.க்குள் அடக்கிவிடுகிறது. 1998-ல் தென் கொரியாவிலிருந்து வெளிவந்த ‘எம்.பி.மேன்’ என்னும் முதல் கையடக்கக் கருவியில் 32 எம்.பி. நினைவகமே இருந்தது, ஆறேழு பாட்டுக்கு மேல் கொள்ளாது. இன்றோ விரல் நகமளவுள்ள 32 ஜி.பி. கார்டில் 6,000 பாட்டுகள் தாராளமாக அடங்கும்.

ஆறேழு பாட்டுகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆறாயிரத்தை வைத்துக்கொள்ள முடியாது. கார்டைத் திறந்தால் ‘டிராக் 01’ என்ற பெயரில் பதினைந்து கோப்புகளும், தேதியும் எண்ணும் மட்டுமே பெயராக அமைந்த வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகள் நூறும் வரிசை கட்டி நிற்க, வேண்டிய பாட்டு எங்கோ இருந்தும் அகப்படாமற் போகிறது.

பெயரின் அவசியத்தை ஒலிப்பதிவின் ஆரம்ப காலத்தவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகி இசைத்தட்டுக்காகப் பாடியபோது, ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டை அச்சிடுகிறவர்கள் இன்னார் பாடியது என்று அறிந்து பெயர் ஒட்டும்பொருட்டு, பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். 1996-ல் எம்.பி.3 கோப்புக்கென ஏற்பட்ட ‘ஐ.டி.3’ என்ற பெயர்க்குறிப்பும், அதேபோல் கோப்பின் கடைசி 128 பைட்டுகளிலேயே இடம் பெற்றது. பாட்டின் தலைப்புக்கு அதில் 30 பைட்டுகள்தாம். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் இன்று வழங்கும் முறையில் மூன்று பைட்டு எடுத்துக்கொள்வதால், ‘சிங்காரவேலன்’ என்ற பெயரை அதில் எழுதப் புகுந்தால் ‘சிங்காரவேல’ என்பதோடு இடம் தீர்ந்துவிடும். 1998-ல் வந்த இரண்டாம் பதிப்பு இந்தக் குறிப்பைக் கோப்பின் முகப்புக்கு மாற்றி, குறுகலையும் நீக்கியது. ஆகவே பாட்டு, படம், பாடியவர், இசையமைத்தவர், வருஷம் யாவற்றையும் இன்று தமிழிலேயே விரிவாக எழுதலாம். ஆலங்காயத்துக்கு அருகே காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை வைத்து விண்ணை ஆராய்கிறார்களே, அந்த வானவியல் துறையிலும் படக் கோப்பின் முகப்பிலேயே நாள், நேரம், நோக்கிய திசை ஆகியவற்றைக் குறித்து வைப்பதுதான் வழக்கம். அக்குறிப்பு இல்லாத படத்தால் ஆராய்ச்சிக்குப் பிரயோஜனம் குறைவு.

செய்ய வேண்டியவை சிரமமானவை அல்ல. இசையமைப்பாளருக்கு ஒரு ஃபோல்டர், அதனுள் படத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று அமைத்து, படப்பெயரோடு வருஷத்தையும் சேர்த்தெழுதுவது உத்தமம். 1980-லும் ஒரு ‘பில்லா’ உண்டு, 2007-லும் ஒரு ‘பில்லா’ உண்டு. இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதி வைத்தால், கருவி அவரை மூன்று மனிதர்களாகப் பிரித்துக் காட்டும். எம்மொழியில் எழுதினாலும் ஒரே விதமாக எழுத வேண்டும். எண்ணிடும்போது 1, 2 என்று இடாமல் 01, 02 என்று இட வேண்டும். இல்லாவிட்டால் பல கருவிகளில் 1-ஐ அடுத்து 10 வந்து நிற்கும். விலை குறைந்த பிளேயர்களும் கார் ஸ்டீரியோக்களும் பெரும்பாலும் பெயர் வரிசையைப் பாராமல் கார்டில் ஏறிய வரிசையிலேயே பாடுகின்றனவாகையால், காலியான கார்டில் பாட்டுகளை வரிசைப்படி ஏற்றுவது நல்லது. கம்ப்யூட்டரில் ‘எம்.பி.3டேக்’ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு நூறு பாட்டுகளுக்கு ஒரே தடவையில் குறிப்பு எழுதிவிடலாம். கார்டு முன்னறிவிப்பின்றிச் செயலிழக்கக் கூடியது. ஆதலால் வேறிடத்தில் இன்னொரு பிரதி அவசியம்.

சினிமாப் பாட்டு தொலைந்தால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இந்த மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடிக் குடும்பத்துப் பாட்டி தம் வீட்டுத் திண்ணையில் பாடி, பேரன் செல்போனில் பிடித்து வைத்த தாலாட்டும் நடவுப்பாட்டும் தொலைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா. அந்தக் கோப்புகளே பெயரில்லாமல் கிடப்பவை. கார்டில் இடம் போதாதபோது முதலில் அழிக்கப்படுகிறவையும் அவைதாம். அவற்றை மேலும் சுருக்கி எம்.பி.3 ஆக்காமல், பதிவான வடிவிலேயே பாதுகாக்க வேண்டும். சுருக்கியதை மறுபடி சுருக்கினால் ஒலி மங்கும்.

இனி யாரேனும் பெரியவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்வீர்களானால், அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, பாட்டு தொடங்கும் முன்பே பாடுகிறவர் பெயர், ஊர், நாள், எந்தச் சமயத்தில் பாடும் பாட்டு என்பவற்றை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கோப்பின் பெயர் அழிந்தாலும் ஒலிக்குள் இருக்கும் பெயர் அழியாது. ஏற்கெனவே பதிவானவை உங்கள் கார்டில் இருந்தால், பாடியவர் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி, இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.