வெளியேறத் துடிக்கும் வெள்ளீயம்

கணினிச் சில்லுகளைத் தாங்கி நிற்கும் சிலிக்கனுக்கு ஒளி உமிழும் திறன் மிகக் குறைவு. மின்னோட்டம் தந்தால் பெரும்பாலும் சூடாகும், அவ்வளவுதான். சில்லின் மேல் லேசர் வேண்டுமென்றால் இண்டியம் பாஸ்பைடு போன்ற வேற்றுப் பொருளில் செய்து ஒட்ட வேண்டியிருக்கிறது. சிலிக்கனின் சொந்தக் குடும்பத்திலேயே ஒளி தரும் பொருள் கிடைத்தால் எவ்வளவு எளிதாகிவிடும்!

அந்த வாய்ப்பை நூலிழையில் தவறவிட்டது ஜெர்மானியம். ஒளி உமிழ்வதற்கான நேரடி ஆற்றல் இடைவெளி அதில் 0.8 எலெக்ட்ரான் வோல்ட். ஆனால் 0.66-இல் ஒரு மறைமுக இடைவெளி இருப்பதால், எலெக்ட்ரான்கள் அந்தத் தாழ்ந்த பள்ளத்தில் போய்த் தங்கிவிடுகின்றன. வெள்ளீயம் கலந்தால் இரண்டுமே இறங்கும். நேரடி இடைவெளி இன்னும் வேகமாக இறங்கும். சுமார் 8 சதவீதம் சேர்ந்தால் அது மற்றதை முந்திவிடும்.

ஜெர்மானியமோ இயல்பாக ஏற்றுக்கொள்ளும் வெள்ளீயம் ஏறத்தாழ 1 சதவீதம்தான். வெள்ளீய அணு பருத்தது. இரண்டையும் சேர்த்து உருக்கி ஆறவைத்தால் பிரிந்து போய்விடும். அதனால் உருக்குவதில்லை. ஜெர்மானியம் பூசிய சிலிக்கன் வில்லையின் மேல், 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் சூட்டில், டைஜெர்மேன், வெள்ளீய டெட்ராகுளோரைடு வாயுக்களைச் செலுத்தி அடுக்கடுக்காக வளர்க்கிறார்கள். வந்து அமர்ந்த வெள்ளீய அணு இன்னொன்றைத் தேடி நகர்வதற்குள் அடுத்த அடுக்கு அதை மூடிவிட வேண்டும். சூடு கூடினால் வெள்ளீயம் மேற்பரப்பில் துளிகளாகத் திரளும். மிகக் குறைந்தால் படிக ஒழுங்கே குலையும். இப்படிக் கிடைக்கும் படலம் மெட்டாஸ்டேபிள் நிலையில் இருக்கிறது: பிரிவதே அதற்கு ஆற்றல் லாபம், பிரியத்தான் வழியில்லை. வைரமும் அப்படித்தான், அறைச் சூழலில் கார்பனின் உறுதியான வடிவம் கிராஃபைட்டே.

படலத்தை வளர்த்ததோடு பாதி வேலைதான் முடிகிறது. எத்தனை சதவீதம் உள்ளே போயிற்று? எக்ஸ் கதிர் விளிம்பு விலகலால் அணுத்தளங்களின் இடைவெளியை அளக்கலாம். ஆனால் கீழேயுள்ள ஜெர்மானியத்தின் சிறிய கட்டத்துக்குள் பொருந்த, படலம் பக்கவாட்டில் நசுங்கி மேல்நோக்கி நீண்டிருக்கும். செங்குத்து இடைவெளியை மட்டும் நம்பினால், இல்லாத வெள்ளீயத்தை இருப்பதாகக் கணக்கிடுவோம். அதனால்தான் சாய்ந்த தளங்களையும் அளந்து, நசுக்கத்தையும் கலவையையும் பிரித்தறிகிறார்கள். நசுக்கம் வேறொரு வகையிலும் முக்கியம்: அது நேரடி இடைவெளியை மேலே தள்ளிவிடுகிறது. ஒரே அளவு வெள்ளீயம் கொண்ட இரு படலங்களில் தளர்ந்தது ஒளிரும்; நசுங்கியது மங்கலாம். நசுக்க அளவைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் பறைசாற்றும் முடிவுகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

ஹீலியம் அயனிகளை எய்து, அவை திரும்பி வரும் ஆற்றலைப் பார்ப்பது இன்னொரு சோதனை. வெள்ளீய அணுக்கள் படிகத்தின் உரிய இடங்களில் அமர்ந்திருக்கின்றனவா என்பதையும் அதில் காணலாம். கடைசியாக ஒளிச் சோதனை: படலத்தைக் குளிர்விக்கும்போது உமிழும் ஒளி மங்காமல் பெருகினால், நேரடி இடைவெளி கைகூடிவிட்டதற்கு அது வலுவான சான்று.

2015-இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையமும் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனமும் பிற கூட்டாளிகளும் 12.6 சதவீத வெள்ளீயப் படலத்தில் லேசரைக் காட்டினார்கள். வேறொரு லேசரின் ஒளியால் தூண்டப்பட்டு, 90 கெல்வின் வரை அது இயங்கியது. 2020-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகக் குழு மின்னோட்டத்தாலேயே, 100 கெல்வின் வரை இயக்கிக் காட்டியது.

சில்லுத் தொழிற்சாலைக்குள் நுழையும்போது பழைய சிக்கல் மறுபடி எழுகிறது. உலோக இணைப்புகள் அமைக்கும் கட்டத்தில் வில்லை சுமார் 400 டிகிரி சூட்டைக் காண்கிறது. அடைபட்ட வெள்ளீயம் வெளியேற அது போதும். எனவே இந்தப் படலத்துக்குப் பின்வரும் ஒவ்வொரு படியையும் அது வளர்ந்த சூட்டுக்குக் கீழேயே முடித்தாக வேண்டும்.