நஞ்சும் மருந்தாகும்: ஒரு குருதிப் புற்றுநோயின் கதை

ஆசனிக் என்றால் நஞ்சு என்றே நாம் அறிவோம். அதே ஆசனிக் இன்று ஒருவகைக் குருதிப் புற்றுநோயைக் குணமாக்குகின்றது. குருதிப் புற்றுநோய் என்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் இதனை அறிந்துகொள்வது நல்லது.

குருதிக் கலங்கள் என்பு மச்சையில் உண்டாகின்றன. நெல் பால் பிடித்து முற்றுவது போல அவையும் படிப்படியாக முற்ற வேண்டும். புறோமைலோசைற்றிக் லூக்கேமியா எனப்படும் இந்த அரிய நோயில் 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்கின்றன. அதனால் வெண்குருதிக் கலங்கள் முற்றாமலே பெருகுகின்றன. குருதி உறைவதும் குழம்பிவிடுகின்றது. 1957இல் நோர்வே வைத்தியர் ஹில்லெஸ்ராட் இந்நோயை விபரித்தபோது, நோயாளர் சில வாரங்களிலேயே இறந்தனர்.

மாற்றம் சீனாவில் தொடங்கியது. 1970களில் ஹார்பின் நகர வைத்தியர்கள் நாட்டு மருந்தொன்றிலிருந்து ஆசனிக் ஊசிமருந்தைத் தயாரித்தனர். ஷங்காய் நகரில் வாங் ஷென்யி என்னும் வைத்தியரின் குழு, விற்றமின் ஏ இனத்தைச் சேர்ந்த ஒரு மருந்தை 24 நோயாளருக்குக் கொடுத்தது. அனைவரிலும் நோய் அடங்கியதை 1988இல் அவர்கள் அறிவித்தனர். இம்மருந்து கெட்ட கலங்களை முற்ற வைக்கின்றது; முற்றிய கலம் தன் காலம் முடிந்ததும் தானே அழிகின்றது. ஆசனிக், நோய்க்கு மூலமான புரதத்தையே சிதைக்கின்றது.

தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு ஆசனிக்கை மட்டுமே கொடுத்தது. 86 வீதமானோரில் நோய் அடங்கியது. நோய் அதிகம் முற்றாதவர்களுக்கு இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளின் பின்னும் 97 வீதமானோர் நோய் மீளாமல் வாழ்ந்தனர்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இந்நோயில் முதல் நாட்களின் குருதிப் பெருக்கே உயிரைப் பறிக்கின்றது. முரசில் குருதி கசிதல், அடிபடாமலே தோலில் கண்டல், ஓயாத மூக்குக் குருதி, காரணமற்ற காய்ச்சலும் களைப்பும் கண்டால் நாளை என்று பொறுக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இடம்பெயரும்போது கிளினிக் கொப்பியையும் பரிசோதனைத் துண்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஆசனிக் கலந்தது என்று எவர் தரும் மருந்தையும் உட்கொள்ள வேண்டாம். இதயத் துடிப்பைக் கவனித்து, அளவறிந்து வைத்தியர் கொடுக்கும்போதே அது மருந்து. அளவு தவறினால் அது நஞ்சேதான்.