வாயில்லா ஜீவனுக்கும் ஒரு மாதச் சீட்டு

தோபித்து நூலை வாசித்தவர்கள் அதில் வரும் ஒரு சிறு செய்தியைக் கவனித்திருப்பார்கள். இளைஞன் தோபியா வானதூதர் இரபேலின் துணையோடு நெடும்பயணம் புறப்பட்டபோது, வீட்டு நாயும் அவர்களைப் பின்தொடர்ந்தது. அவன் மணம் முடித்துத் தாய் தந்தையரிடம் திரும்பியபோதும் அந்த நாய் உடன் வந்தது. அதன் பெயரை நூல் கூறவில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் துன்பத்திலும் மகிழ்ச்சியிலும் அந்த வாயில்லா ஜீவனுக்கு ஓர் இடம் அளிக்கப்பட்டிருக்கிறது.

நம் வடசென்னைக் குடும்பங்களிலும் அவ்விடம் இன்றும் இருக்கிறது. காசிமேட்டில் வலைகளைக் காக்கும் நாய், இராயபுரத்துச் சந்துகளில் எலிகளை விரட்டும் பூனை, திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பிள்ளைகள் தெருவிலிருந்து தூக்கி வந்து பாலூற்றி வளர்த்த குட்டி என்று, வளர்ப்புப் பிராணி இல்லாத தெருவே இல்லை எனலாம். சோறு போட நாம் தவறுவதில்லை. தடுப்பூசி போடத் தவறிவிடுகிறோம். அன்பு இல்லாமையால் அல்ல. கையில் பணம் இருக்கும் நாளும் ஊசி போடவேண்டிய நாளும் ஒன்றாக வாய்ப்பதில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

இக்குறையைத் தீர்க்க, கால்நடை மருத்துவர்கள் சில நாடுகளில் ஒரு வழியைக் கையாள்கிறார்கள். நோய் வந்தபின் பெருந்தொகை வாங்குவதற்குப் பதிலாக, நோய் வராமல் காக்கும் பணிக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகை பெற்றுக்கொள்வதே அவ்வழி. அது நம் பகுதிக்குப் பொருந்துமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

தவறினால் நேர்வது என்ன?

தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையை அறியாத வடசென்னைவாசி இல்லை. காலரா, வெறிநோய் போன்ற கொடிய நோய்கள் கண்டவர்கள் நெடுங்காலமாக அங்கேதான் அனுப்பப்பட்டு வந்தார்கள். அவற்றுள் வெறிநோய் தனித்தன்மை உடையது. அதன் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பவர் இல்லை என்றே சொல்லவேண்டும். அறிகுறி தோன்றுமுன் உரிய சிகிச்சை பெற்றாலோ முழுமையாகத் தடுத்துவிடலாம். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மனிதருக்கு வரும் வெறிநோயில் 100க்கு 99 பங்கு நாய்களின் வழியாகவே பரவுகிறது. இறப்பவர்களில் 10 பேருக்கு 4 பேர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர். குழந்தைதான் குட்டியோடு கட்டிப்புரண்டு விளையாடுகிறது. சிறு கீறல் பட்டால் அடிக்குப் பயந்து மறைத்துவிடுவதும் குழந்தைதான்.

1885 ஜூலை 6ஆம் நாள், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தி அவன் உயிரைக் காத்தார். 1907இல் நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள் போட்டுக்கொண்ட அனுபவத்தை நம் முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். அந்தப் பழைய மருந்து கைவிடப்பட்டு, இன்று கையில் போடும் சில ஊசிகளே போதும் என்றாகிவிட்டது. அரசு மருத்துவமனைகளில் அவை இலவசமாகவே போடப்படுகின்றன.

ஆயினும் கடிபட்ட மனிதனுக்கு ஊசி போடுவது, கூரை பற்றிக்கொண்டபின் தண்ணீர் தேடுவதற்கு ஒப்பாகும். நோயை அது பிறக்கும் இடத்திலேயே தடுக்கவேண்டும். ஓர் ஊரிலுள்ள நாய்களில் 100க்கு 70 நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், அவ்வூரில் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று மருத்துவ உலகம் கண்டிருக்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் நாய்வழி வெறிநோயால் ஒருவரும் இறவாத நிலையை எட்டவேண்டும் என்பது உலக நாடுகளின் இலக்கு. நம் அரசும் 2021இல் அதற்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அந்த 70இல் நம் வீட்டு நாயும் ஒன்றாக இருக்கவேண்டாமா?

வெறிநோய் மட்டுமன்று. 1978இல் உலகம் அறிந்துகொண்ட பார்வோ நோய், இரத்தக் கழிச்சலால் இளங்குட்டிகளைச் சில நாள்களிலேயே கொன்றுவிடுகிறது. எலிகளின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் நாயையும் தாக்கும், மனிதனையும் தாக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வெள்ளம் சூழ்ந்த தெருக்களில் நடந்தவர்களுக்கு இதன் அபாயத்தை விளக்கத் தேவையில்லை.

மாதச் சந்தா என்பது என்ன?

ஒரு நாய்க்குட்டியின் முதல் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் கூட்டுத் தடுப்பூசி. பின்பு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை மறு ஊசிகள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, அதன்பின் மருத்துவர் குறிக்கும் நாளில் மறு ஊசி, பிறகு ஆண்டுதோறும். இவற்றுடன் குடற்புழு நீக்கும் மருந்து, உண்ணி ஒழிக்கும் மருந்து, உரிய வயதில் கருத்தடை அறுவை ஆகியனவும் உண்டு. இவற்றுக்கு ஆகும் செலவை மொத்தமாகக் கூட்டி மாதங்களால் வகுத்துப் பெறுவதே மாதச் சந்தாத் திட்டம். ஓர் உதாரணத்திற்கு, ஆண்டுச் செலவு 6,000 ரூபாய் என்று கொண்டால் மாதம் 500 ரூபாய் ஆகிறது.

அமெரிக்காவில் 1955இல் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லந்து நகரில் தோன்றிய பான்ஃபீல்டு கால்நடை மருத்துவமனை இத்தகைய திட்டத்தைப் பெரிய அளவில் நடத்தி வருகிறது. பிரிட்டனிலும் பல மருத்துவமனைகளில் இது வழக்கமாகிவிட்டது. இதனால் இரு தரப்பினருக்கும் நன்மை உண்டு. வளர்ப்பவர், 'இந்த மாதம் போகட்டும், அடுத்த மாதம் பார்ப்போம்' என்று தள்ளிப்போடுவதில்லை. பணம் கட்டியிருப்பதால் உரிய நாளில் பிராணியைக் கொண்டுவருகிறார். மருத்துவருக்கும் நிலையான வருவாய் கிடைக்கிறது. நோய் முற்றிய நிலையில் அல்லாமல் நலமாக இருக்கும்போதே பிராணியைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கிறது.

ஆனால் இத்திட்டங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தவறாது பணம் எடுக்கக்கூடிய சம்பளக்காரருக்காக அமைந்தவை. நம் நிலை வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்நாள்களில் காசிமேட்டுக் குடும்பங்களில் சோற்றுக்கே கணக்குப் பார்க்கவேண்டும். துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் ஒப்பந்தக் கூலியாய் உழைப்பவர்களுக்கோ எந்த மாதம் வேலை நிற்கும் என்பது தெரியாது. ஆகவே நம் பகுதியில் ஒரு மருத்துவர் இத்திட்டத்தைத் தொடங்க எண்ணினால், பன்னிரண்டு மாதத் தவணைக்குப் பதிலாகப் பத்து மாதத் தவணை வைக்கலாம். அதே 6,000 ரூபாய்க்கு மாதம் 600 ஆகும். தடைக்காலத்தில் வசூல் கேட்கக்கூடாது. கட்டிய பணமும் போட்ட ஊசியும் ஒரே அட்டையில் குறிக்கப்படவேண்டும்.

மருத்துவரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. குட்டிக்கு வேண்டிய ஊசிகளில் பெரும்பாலானவை முதல் நான்கு மாதங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. பணமோ பத்து மாதங்களில் சிறுகச் சிறுக வருகிறது. உண்மையில் அவர் நமக்குக் கடன் கொடுக்கிறார். ஊசி போட்டுக்கொண்டு தவணையை நிறுத்திவிடுவது, நம்பியவரை ஏமாற்றுவதேயன்றி வேறன்று. ஒருவர் செய்யும் இச்செயலால், அடுத்து வரும் ஏழைக்குக் கதவு அடைக்கப்படும்.

சேருமுன் கேட்கவேண்டியவை

இத்தகைய திட்டம் காப்பீடு அன்று என்பதை முதலில் உணரவேண்டும். நாய் வண்டியில் அடிபட்டாலோ, பெருநோய் கண்டாலோ, ஆகும் செலவை இது ஏற்காது. வரப்போவது தெரிந்த செலவுகளை மட்டுமே இது பங்கிட்டுத் தருகிறது. எனவே சேருவோர் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கவேண்டும். எந்த எந்த ஊசிகளும் மருந்துகளும் இதில் அடங்கும்? அவற்றைத் தனித்தனியே வாங்கினால் என்ன விலையாகும்? பிராணி நடுவில் இறந்துவிட்டால், அல்லது நாம் வீடு மாறிப் போய்விட்டால் கட்டிய பணம் என்னவாகும்? நம் வீட்டுப் பிராணிக்குத் தேவையில்லாத எதையும் சேர்த்து விற்கிறார்களா?

இவை வீண் சந்தேகங்கள் அல்ல. பிரிட்டனில் 2013இல் பத்தில் ஒரு பங்கு கால்நடை மருத்துவமனைகளே பெருநிறுவனங்களின் கையில் இருந்தன. பத்தே ஆண்டுகளில் அது ஏறக்குறைய ஆறு பங்காக உயர்ந்தது. விலை பற்றிய தெளிவான விவரம் மக்களுக்குக் கிடைக்கிறதா என்ற கேள்வி எழவே, அந்நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் 2024 மே மாதத்தில் இத்துறையை முறைப்படி விசாரிக்கத் தொடங்கியது. கணக்குத் திறந்திருக்கும் இடத்தில்தான் நம்பிக்கை தங்கும்.

அதே நாட்டில் வேறொரு முன்மாதிரியும் உண்டு. 1917இல், முதல் உலகப் போரின் துன்ப நாள்களில், இலண்டன் துறைமுகத்தை அடுத்த வைட்சாப்பல் என்னும் ஏழைகள் பகுதியில், மரியா டிக்கின் என்ற பெண்மணி ஒரு நிலவறையில் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருத்துவமனை தொடங்கினார். அந்த அறப்பணி இன்றும் நடைபெறுகிறது. துறைமுகத்து உழைப்பாளியின் நாய்க்கும் மருத்துவம் வேண்டும் என்று நூறாண்டுக்கு முன்பே ஒருவர் எண்ணினார் என்பது நமக்கு ஊக்கம் தரவேண்டும்.

அன்பிலும் ஓர் ஒழுங்கு

'மனிதனுக்கே மருந்தில்லை, நாய்க்கு மாதச் சந்தாவா?' என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. நம் திருச்சபையின் மறைக்கல்வி இதற்கு இருபுறமும் நோக்கி விடை பகர்கிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள். அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம். அவற்றை வீணே துன்புறுத்துவது மனித மாண்புக்கு அடுத்ததன்று. அதே வேளையில், மானிடத் துயரைத் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகள்மீது செலவிடுவதும் தகாது. மனிதருக்கே உரிய பாசத்தை விலங்குக்கு ஈந்துவிடலாகாது என்றும் அது எச்சரிக்கிறது.

ஆகவே பட்டுமெத்தையும் பிறந்தநாள் விருந்தும் வேறு, தடுப்பூசி வேறு. முன்னவை ஆடம்பரம். பின்னதோ, நாயைக் காப்பதோடு அதனுடன் விளையாடும் குழந்தையையும், அண்டை வீட்டுக் குழந்தையையும் காக்கிறது. இங்கே விலங்கின் நலமும் மனிதனின் நலமும் ஒரே ஊசிமுனையில் சந்திக்கின்றன. தடுப்பூசி போட வழியில்லை என்று எண்ணுபவர், ஒன்றுக்கு மேல் மற்றொன்றாகப் பிராணிகளை வளர்க்க முற்படாதிருப்பதும் அன்பின் ஒழுங்கே.

நாம் செய்யக்கூடியது

வழி நமக்கு அருகிலேயே இருக்கிறது. வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, எளியோரின் பிராணிகளுக்கும் புகலிடம். மாநகராட்சியும் திரு.வி.க. நகர் முதலிய இடங்களில் செல்லப்பிராணிகளுக்கான சிகிச்சை மையங்களை நடத்துகிறது. மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்ப்போர் உரிமம் பெறுவது கட்டாயம். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

தனியாரிடம் மாதத் திட்டம் இல்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம். சீட்டுக் கட்டுவதில் நம் தாய்மார்களுக்கு யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. கிறிஸ்மஸ் சீட்டும் பாத்திரச் சீட்டும் கட்டும் கைகள், அன்பியத்தில் பிராணி வளர்க்கும் பத்துக் குடும்பங்களைச் சேர்த்து ஒரு தடுப்பூசிச் சீட்டும் தொடங்கலாகாதா? இளங்குட்டி உள்ள வீட்டுக்கு முதல் மாதம் கொடுத்து, மற்றவர் அடுத்தடுத்துப் பெற்றுக்கொண்டால், மருத்துவர் கடன் கொடுக்கவேண்டிய தேவையே எழாது. புனித வனத்து அந்தோனியாரின் திருநாளாகிய ஜனவரி 17, அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளாகிய அக்டோபர் 4 ஆகிய நாள்களில் பிராணிகளை ஆசீர்வதிக்கும் வழக்கம் திருச்சபையில் உண்டு. அன்று ஒரு கால்நடை மருத்துவரையும் அழைத்துப் பங்கு வளாகத்திலேயே தடுப்பூசி முகாம் நடத்தினால், ஆசீரும் ஊசியும் ஒரே நாளில் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் எவரையேனும் நாய் கடித்தால், அது தடுப்பூசி போட்ட வீட்டு நாயே ஆயினும், சுண்ணாம்பும் மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் வைத்துக் காலம் கடத்தாதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் காயத்தைக் கழுவி, உடனே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் கூறும் எல்லா நாள்களிலும் ஊசியைப் போட்டு முடியுங்கள். பிள்ளைகள் பயப்படாமல் உண்மையைச் சொல்லும்படி அவர்களைப் பழக்குங்கள்.

இராயபுரத்தில் புனித இராயப்பர் ஆலயம் கடலைப் பார்த்து நிற்கிறது. அலையோடு போராடிய படகோட்டிகளின் உழைப்புப் பணத்தில் எழுந்த ஆலயம் அது. சிறுகச் சேர்த்த காசின் வலிமையை அதைவிட எடுத்துக்காட்ட வேறு சான்று வேண்டுமோ? அதே வலிமையில் ஒரு சிறு பகுதியை நம் வாசலில் காவலிருக்கும் ஜீவனுக்காகவும், அதனோடு விளையாடும் நம் மழலைகளுக்காகவும் இம்மாதமே எடுத்துவைப்போம். படைத்தவர் நம்மிடம் ஒப்படைத்த உயிர்களுக்கு நாம் கணக்குக் கொடுக்கவேண்டிய நாளில், அச்சிறு காசும் நம் பக்கம் நின்று சாட்சி சொல்லும்.