லாரி கேபின்லயே தூங்குறீங்களா? சூறைக்காற்று, இடி, வெள்ளம் வரும்போது வண்டியை எங்கே நிறுத்தணும்?

2024 ஜூலை 16. கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டம், அங்கோலா அருகே உள்ள ஷிரூர். தேசிய நெடுஞ்சாலை 66-ன் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கங்காவளி ஆறு. நடுவில் ஒரு டீக்கடை. லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி, டீ குடித்து, கொஞ்ச நேரம் கண் அசரும் இடம் அது. விடாமல் பெய்த மழையில் அன்று காலை மலைச்சரிவு மொத்தமாக இறங்கியது. டீக்கடை, அங்கிருந்தவர்கள், நின்றிருந்த வண்டிகள் என எல்லாவற்றையும் மண் இழுத்துக்கொண்டு போனது. கேஸ் டேங்கர் ஒன்று ஆற்றில் மிதந்தது. இந்தச் சம்பவத்தில் 11 பேர் பலியானார்கள். அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த டேங்கர் லாரி ஓட்டுநர்களும் அடக்கம். மரக்கட்டை ஏற்றி வந்த கேரள ஓட்டுநர் ஒருவரின் லாரி ஆற்றுக்குள்ளிருந்து மீட்கப்பட்டது செப்டம்பர் 25-ம் தேதிதான். அவரது உடல் கேபினுக்குள்ளேயே இருந்தது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இந்தச் செய்தியை யாரும் வெளியூர்ச் செய்தியாகப் பார்க்கவில்லை. லாரியும் டேங்கரும் நாமக்கல், சங்ககிரியின் பிழைப்பு. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரைக்கும் போய் மாசக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அதில் போகிறவர்களுக்கு வண்டிதான் வீடு. சமையல், குளியல், தூக்கம் எல்லாம் அதைச் சுத்தித்தான். இப்போது ஊட்டி, வால்பாறைக்கு கேரவனிலும் டெம்போ டிராவலரிலும் போய் உள்ளேயே படுத்துக்கொள்ளும் சுற்றுலாப் பயணிகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள்.

ஷிரூரில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தன. டயர், பிரேக், ஓட்டுநரின் அனுபவம் எதற்கும் அங்கே வேலையே இல்லை. புயல் மழையில் வண்டிக்குள் தங்குகிறவருக்கு உயிர் பிழைக்க வழி இருக்கா, இல்லையா என்பது பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலம், எங்கே நிறுத்தலாம் என்று அவர் யோசிக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது.

இடி மின்னலுக்கு வண்டி பாதுகாப்பா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் 'ரப்பர் டயர் இருக்கு, அதனால கரண்ட் பாயாது' என்று பலரும் சொல்லும் காரணம் தப்பு. மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்துகொண்டு வரும் மின்னலுக்கு, ஒரு அடி ரப்பர் ஒரு தடையே இல்லை. காப்பாற்றுவது இரும்புக் கூடுதான். மின்சாரம் வண்டியின் வெளிப்புறத் தகடு வழியாகவே ஓடி தரைக்குப் போய்விடும். அதனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவு, ஸ்டீயரிங், கியர் என எந்த இரும்பையும் தொடாமல், சார்ஜரில் போட்ட போனைக் கையில் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

இந்தப் பாதுகாப்பு கேபினுக்குள் இருப்பவருக்கு மட்டும்தான். லோடு மேல் தார்ப்பாயை விரித்துப் படுத்திருக்கும் கிளீனருக்குக் கிடையாது. வண்டிக்கு அடியில் பாய் போட்டுப் படுத்திருப்பவருக்கும் கிடையாது. வெளிப்பாடி முழுக்க ஃபைபரில் செய்த கேரவன்களையும் அப்படியே நம்பிவிட முடியாது. இடி அடிக்கும்போது பக்கத்தில் நல்ல கான்கிரீட் கட்டடம் இருந்தால் அங்கே போய்விடுவதே மேல்.

போர்வெல் வண்டிக்காரர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வெட்டவெளிக் காட்டில், இரும்பு மாஸ்டை நிமிர்த்தி வைத்து வேலை செய்கிறார்கள். சுற்றுவட்டாரத்திலேயே உயரமாக நிற்பது அதுவாகத்தான் இருக்கும். வானம் கறுத்ததும் வேலையை நிறுத்தி, மாஸ்டைப் படுக்க வைத்துவிட்டு, ஆட்கள் குழாய்களை விட்டு விலகிவிட வேண்டும். 'இன்னும் இருபது அடி ஓட்டிட்டு நிறுத்திக்கலாம்' என்று தோட்டக்காரர் கேட்டாலும் சரி, முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

மின்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கு என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு உண்டு. வெளிச்சம் தெரிந்ததும் எண்ண ஆரம்பியுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் சத்தம் கேட்டுவிட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே உள்ளே போக வேண்டும். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே இறங்கக் கூடாது.

காற்று

கொங்கு மண்டலத்துக்குச் சூறைக்காற்று புதுசு இல்லை. சித்திரை, வைகாசியில் மதியம் வரைக்கும் வெயில் கொளுத்தும், சாயங்காலம் திடீரென்று காற்று சுழற்றி அடிக்கும். கோபி, அந்தியூர், சிறுமுகை பக்கம் குலை தள்ளிய வாழை ஒரே ராத்திரியில் சாய்ந்து கிடப்பதை வருஷா வருஷம் பார்க்கிறோம். ஆடிக்காற்று வேறு மாதிரி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடம், உடுமலை வரைக்கும் நிற்காமல் வீசும். அந்தப் பகுதியில் காற்றாலைகள் வந்ததற்குக் காரணமே அந்தக் காற்றுதான்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கு ஆனால், வண்டி மேல் அது தரும் அழுத்தம் நான்கு மடங்கு ஆகும். காலி கன்டெய்னரும், உயரமாகப் பஞ்சோ தென்னை நாரோ ஏற்றிய லாரியும்தான் முதலில் ஆட்டம் காணும். அகலமான பக்கவாட்டில் காற்று மோதும்படி நிறுத்தாமல், முகப்பு காற்றைப் பார்க்கும்படி நிறுத்துவது நல்லது. தார்ப்பாய் தளர்ந்திருந்தால் அது பாய்மரம் மாதிரி வேலை செய்யும். காற்று ஆரம்பிப்பதற்கு முன்பே கயிற்றை இறுக்கிவிடுங்கள். காற்றடிக்கும்போது மேலே ஏறிக் கட்டுவது வேண்டவே வேண்டாம்.

ஆனால் காற்றில் வண்டியே கவிழ்வது அபூர்வம். பக்கத்தில் நிற்பது வண்டி மேல் விழுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று புழுதிக்காற்று அடித்தபோது, ராட்சத விளம்பரப் பலகை ஒன்று பெட்ரோல் பங்க் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். கோவை கருமத்தம்பட்டி அருகே 2023 ஜூன் 1 அன்று விளம்பரப் பலகைக்கான இரும்புச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள் மேல் விழுந்ததில் தூக்கத்திலேயே 17 பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

அதனால் 'சுவர் ஓரமா நிறுத்தினா காத்து அடிக்காது' என்ற யோசனை மழைக்காலத்துக்குப் பொருந்தாது. பழைய புளியமரம், தூங்குமூஞ்சி மரம், மட்டை தொங்கும் தென்னை, டிரான்ஸ்ஃபார்மர், விளம்பரப் பலகை எதுவாக இருந்தாலும், அது சாய்ந்தால் எட்டும் தூரத்துக்கு வெளியே வண்டி நிற்க வேண்டும்.

மின்கம்பி வண்டி மேல் விழுந்துவிட்டால்? உள்ளேயே இருங்கள். இறங்கி ஓடத்தான் மனசு சொல்லும், உயிர் போவதும் அப்போதுதான். ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் தரையிலும் இருந்தால் மின்சாரம் உடம்பு வழியாகப் பாயும். மின்சார வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் செய்துவிட்டு, லைன் ஆஃப் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். வண்டி தீப்பிடித்து, இறங்கியே ஆக வேண்டும் என்றால் மட்டும், இரண்டு காலையும் சேர்த்து வைத்து வண்டியைத் தொடாமல் வெளியே குதித்து, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்தே விலக வேண்டும்.

தண்ணீர் எவ்வளவு வந்தா ஆபத்து?

ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சின்னக் காரைத் தூக்கிவிடும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான கார், வேன்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் போயாச்சு என்று நினைத்திருந்த நேரத்தில், கடலுக்குச் சம்பந்தமே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் டிசம்பர் 2 காலை வரைக்கும் 50 செ.மீ. மழை கொட்டியது. 20 செ.மீ.-ஐத் தாண்டினாலே அதிகனமழை என்பது வானிலை மையத்தின் கணக்கு. ஏரித் தண்ணீர் பெருக்கெடுத்து வந்ததில், சாலையோரம் நின்றிருந்த வேன்களும் கார்களும் வரிசையாக உருண்டுபோன வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த வேன்களில் யாராவது தூங்கியிருந்தால் என்ற எண்ணம் அதைப் பார்த்த எந்த ஓட்டுநருக்கும் வராமல் இருக்காது.

ராத்திரி தங்கும் இடத்துக்கு மேலே ஏரியோ குளமோ இருக்கா, பக்கத்தில் ஓடை, தரைப்பாலம் இருக்கா என்று டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. 'இங்க தண்ணி வருமுங்களா?' என்று கேட்டால் உள்ளூர்க்காரர் சொல்லிவிடப் போகிறார். எந்த ஆப்பும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. கோவைக்குள் என்றால் லங்கா கார்னர், அவிநாசி ரோடு மேம்பாலத்துக்குக் கீழ், கிக்கானி பள்ளி, சிவானந்தா காலனி சுரங்கப்பாதைகளில் மழைக்கு ஒதுங்கவே கூடாது. சிவானந்தா காலனி பாலத்துக்கு அடியில் 2024 அக்டோபர் மழையில் தனியார் பேருந்து ஒன்றே சிக்கிக்கொண்டது.

மலைப்பாதைக்கும் இதே கதைதான். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பதிவானது. கல்லாறு, பர்லியாறு பக்கம் செங்குத்தாக வெட்டிய சரிவுக்குக் கீழே இருக்கும் சமதரை, வண்டி நிறுத்த வாகான இடமாகத்தான் தெரியும். ஷிரூரிலும் அப்படித்தான் தெரிந்தது. சரிவிலிருந்து கலங்கல் தண்ணீர் புதுசாக வருவது, சின்னக் கற்கள் உருள்வது, மரங்கள் சாய்ந்து நிற்பது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் கிளம்பிவிடுங்கள்.

கண்ணாடியை ஏற்றினாலும் ஒரு ஆபத்து

2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். புயலும் இல்லை, விபத்தும் இல்லை. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை செய்து பார்த்ததில், ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தது தெரியவந்தது. இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தலைவலி, குமட்டல், அசதி வரும். அசதியைத் தூக்கம் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள்.

மழை நேரத்தில்தான் இது அதிகம் நடக்க வாய்ப்பு. எல்லாக் கண்ணாடியும் மூடியிருக்கும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், சைலன்சர் சேற்றில் புதைந்திருக்கும். வெளியே அடுப்பு பற்ற வைக்க முடியாது என்று கேபினுக்குள்ளேயே ஸ்டவ் வைத்துச் சமைப்பார்கள். சமைத்தே ஆக வேண்டும் என்றால் கதவைத் திறந்து வைத்துச் சமைத்து, அணைத்த பிறகு படுங்கள். எஞ்சினை, ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது.

எச்சரிக்கை எப்படித் தெரியும்?

வானிலை மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. ராத்திரி தங்குவதற்கு இதுதான் உபயோகம். மின்னலுக்கு 'தாமினி', தமிழ்நாட்டுக்குள் 'டிஎன் அலர்ட்', வெளி மாநிலங்களுக்கு 'சசேத்' என மூன்று ஆப்களை போனில் வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. எந்த மாநிலமானாலும் 112, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033.

இதெல்லாம் சரி, நிறுத்த இடம் எங்கே இருக்கு என்று ஓட்டுநர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாலுவழிச்சாலையில் நின்றால் அபராதம், ஊருக்குள் நின்றால் சத்தம். திம்பம் மலைப்பாதையில் இரவுக் கட்டுப்பாடு இருப்பதால், பண்ணாரி செக்போஸ்ட்டில் மரத்தடி என்றும் பார்க்காமல் வரிசையில் நின்றாக வேண்டியிருக்கிறது. டோல்கேட்டை ஒட்டிய லாரி நிறுத்துமிடம், பெரிய பங்க்குகளின் திறந்த மைதானம், மார்க்கெட் யார்டு ஆகியவைதான் ஓரளவுக்கு நல்ல இடங்கள். அதற்காக 20 கிலோமீட்டர் முன்னாடியே நின்றுவிட வேண்டி வரலாம். 'இன்னுமா அங்கயே நிக்கற?' என்று நடுராத்திரி போன் போடும் முதலாளிகளும் புக்கிங் ஏஜென்ட்டுகளும் ஆரஞ்சு, ரெட் அலர்ட் இருக்கும் நாளில் 'நின்னு வாப்பா' என்று சொல்வதற்குச் செலவு ஒன்றும் ஆகாது. அந்த ஒரு வார்த்தை வராததால்தான் பல ஓட்டுநர்கள் கிடைத்த இடத்தில் ஓரங்கட்டுகிறார்கள்.

வீட்டுக்காரம்மா 'ஏனுங்க, எங்க நிக்கறீங்க?' என்று கேட்டால் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் லொகேஷனை அனுப்பிவிட்டுப் படுங்கள். ஷூவும் டார்ச்சும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். காலையில் மழை விட்டதும் நேராக ஸ்டார்ட் செய்யாமல், வண்டியைச் சுற்றிலும் அறுந்த கம்பி கிடக்கா என்று கேபினில் இருந்தபடியே ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குங்கள். டயருக்கு அடியில் மண் இளகியிருக்கா என்று பாருங்கள். கிளம்பியதும் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று தடவை பிரேக்கை மிதித்து ஈரத்தைக் காயவிட்ட பிறகு வேகம் எடுக்கலாம்.