ஆலை கைமாறியபோது கரைக்கு என்ன ஆனது?

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், வில்லியம்ஸ்பர்க் பாலத்தை ஒட்டி, ஈஸ்ட் ரிவர் கரையில் இருந்தது டாமினோ சர்க்கரை ஆலை. 1882-இல் தீக்கிரையாகி மீண்டும் எழுப்பப்பட்ட அந்த ஆலையில் 2004-இல் வேலை நின்றது. அதுவரை அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு ஆறு பக்கத்தில் இருந்தும் கண்ணில் படாது. ஆலையின் மதில்தான் தெரியும். சுமார் 11 ஏக்கர், எதிரே மன்ஹாட்டன். இப்படி ஒரு மனை சும்மா கிடக்க யார் விடுவார்கள்?

மலிவு வீடுகளுக்கு நிதி தரும் கம்யூனிட்டி பிரிசர்வேஷன் கார்ப்பரேஷன் என்ற அமைப்பின் துணை நிறுவனமும் அதன் கூட்டாளியும் அதைச் சுமார் 5.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். ரஃபேல் வினோலி என்ற கட்டடக் கலைஞர் திட்டம் வரைந்தார். 2,200 வீடுகள், அதில் 660 குறைந்த வாடகைக்கு என்ற கணக்கோடு 2010-இல் நகராட்சி அனுமதி கொடுத்தது. ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. 2012-இல் டூ ட்ரீஸ் என்ற நிறுவனம் 18.5 கோடி டாலர் கொடுத்து மொத்தத்தையும் வாங்கிக்கொண்டது.

விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியதை ஆற்றங்கரை மோகத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஆலை மனையில் குடியிருப்பு கட்டலாம் என்ற நில உபயோக அனுமதியும் மனையோடு சேர்ந்தே விற்பனையானது. இத்தகைய அனுமதி நிலத்தைப் பற்றியது. உரிமையாளர் மாறினாலும் அது மாறாது. அதோடு ஒட்டிய கடமைகளும் அப்படியே. நியூயார்க்கில் 1993 முதல் ஒரு விதி உண்டு: நீர்முனையில் புதிதாகக் குடியிருப்போ வணிகக் கட்டடமோ கட்டுபவர், கரையோரம் பொதுமக்கள் நடக்க இடம் விட்டாக வேண்டும். ஆகவே டாமினோவை யார் வாங்கினாலும் கரையை அடைக்க முடியாது. விதி அந்த இடத்தின் குறைந்தபட்ச அளவைச் சொல்லும். அங்கே யாராவது போய் உட்காருவார்களா என்பதை வரைபடம்தான் தீர்மானிக்கும்.

டூ ட்ரீஸ் பழைய வரைபடத்தையே கட்டியிருக்கலாம். 2013-இல் அதை ஒதுக்கிவிட்டு, ஷாப் ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனத்தையும், ஹை லைன் பூங்காவை வடிவமைத்த ஜேம்ஸ் கார்னர் ஃபீல்ட் ஆபரேஷன்ஸ் நிறுவனத்தையும் கொண்டு புதிதாக வரைந்தது. புது வரைபடத்தில் பூங்கா பெரிதானதைத்தான் எல்லோரும் பேசினார்கள். என் பார்வையில் அதைவிட முக்கியமானது ஒரு தெரு. ரிவர் ஸ்ட்ரீட் மனைக்குள் நீட்டப்பட்டது. கட்டடங்கள் தெருவுக்கு ஒருபுறம், பூங்காவும் ஆறும் மறுபுறம். கோபுரங்கள் நேரே கரையில் வந்து முடிந்தால், அங்கே நடப்பவருக்கு யாரோ ஒருவரின் கொல்லைப்புறத்தில் நுழைந்த கூச்சம் வரும். நடுவில் தெரு ஓடினால் அந்தக் கூச்சம் போய்விடும். மனை கைமாறிய அதே 2012-இன் அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கின் கரைகளை மூழ்கடித்திருந்தது. கட்டடங்களை நீரிலிருந்து தள்ளி வைக்க அதுவும் ஒரு நியாயமானது.

இதெல்லாம் தானமாக வரவில்லை. இடம் விட்டதற்கு ஈடாக உயரம் கிடைத்தது: பழைய திட்டத்தில் 40 மாடி அளவில் இருந்த கோபுரங்கள் 50 மாடியைத் தாண்டின. 2014-இல் மேயர் டி பிளாசியோவின் நிர்வாகம் பேரம் பேசி, மலிவு வீடுகளை 700 ஆக்கியது. புது உரிமையாளர் வரைபடத்தை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி நகராட்சியின் வாசலுக்கு வர வேண்டும். நகரத்துக்குப் பேரம் பேசக் கிடைக்கும் தருணம் அது.

2018 ஜூனில் டாமினோ பார்க் திறந்தது. ஆலையின் இரண்டு கிரேன்கள், சிரப் தொட்டிகள், கச்சா சர்க்கரைக் கிடங்கின் 21 தூண்கள் எல்லாம் அங்கே நிற்கின்றன. அந்தக் கிடங்கில்தான், அது இடிபடுவதற்கு முன் 2014-இல், காரா வாக்கர் என்ற கலைஞர் வெள்ளைச் சர்க்கரை பூசிய பிரம்மாண்டமான கறுப்பினப் பெண் உருவத்தை ஸ்பிங்க்ஸ் வடிவில் அமைத்தார். சர்க்கரைத் தொழில் தோட்ட அடிமைகளின் உழைப்பிலிருந்து பிறந்தது என்பதைப் பூங்காவின் தூண்களைவிட அந்தச் சிலை உரக்கச் சொன்னது.

பூங்காவின் உரிமையும் பராமரிப்பும் டூ ட்ரீஸிடம். நகராட்சிக்குச் செலவில்லை, அதனால் அன்றாட முடிவுகளும் நகராட்சியுடையவை அல்ல. 2020 மே மாதம், கொரோனா காலத்தில், புல்வெளியில் வெள்ளை வட்டங்கள் வரைந்து ஒரு வட்டத்துக்கு ஒரு குழு என்று உட்கார வைத்த படம் உலகம் சுற்றியது. கோப்பு நகர வேண்டிய அவசியமில்லாத இடத்தில் இத்தனை சுறுசுறுப்பு சாத்தியம். அதே சுறுசுறுப்போடு வேறு மாதிரி முடிவும் எடுக்கலாம். அதற்கான வரம்பு நில உபயோக ஆவணத்தில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான்.

பூங்காவுக்குள் போக அனுமதிச் சீட்டு இல்லை. அதைப் பார்த்தபடி வாழ்வது வேறு விஷயம். திட்டத்தின் முதல் கட்டடம் 2017-இல் எழுந்தபோது, அதன் 104 மலிவு வீடுகளுக்கான குலுக்கலில் 87,000-க்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள்.