கட்டிலுக்கே வரும் எம்.ஆர்.ஐ.

வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு குழந்தையை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவது லேசான காரியமல்ல. மருந்து பம்புகளையும் ஆக்சிஜனையும் கூடவே நகர்த்த வேண்டும். வழியில் மூச்சுக்குழாய் நழுவலாம். ரத்த அழுத்தம் சரியலாம். மூளையில் என்ன நடக்கிறது என்று உடனே அறிய வேண்டிய குழந்தைகள்தான் பெரும்பாலும் இப்படி அசைக்க முடியாத நிலையில் இருப்பார்கள்.

கைக்குழந்தை என்றால் ஒரு வழி உண்டு. எலும்பு மூடாத உச்சிக்குழியின் மேல் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து மூளையைப் பார்க்கலாம். குறைமாதக் குழந்தைகளின் மூளை ரத்தக்கசிவை இப்படித்தான் படுக்கையிலேயே கண்டுபிடிக்கிறார்கள். உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். அதன்பின் மண்டை எலும்பு ஒலியலைகளைத் தடுத்துவிடுகிறது.

எம்.ஆர்.ஐ.க்கு எலும்பு தடையில்லை, கதிர்வீச்சும் கிடையாது. ஆனால் வழக்கமான இயந்திரத்தின் காந்தப்புலம் 1.5 அல்லது 3 டெஸ்லா. ஆக்சிஜன் சிலிண்டரையே இழுத்துவிடும் வலிமை அது. அதனால் தனி அறை வேண்டும். அந்தக் காந்தத்தைக் குளிர்விக்க, மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியமும் வேண்டும்.

அமெரிக்காவின் ஹைப்பர்ஃபைன் நிறுவனம் உருவாக்கிய ‘ஸ்வூப்’ கருவியின் புலம் வெறும் 0.064 டெஸ்லா. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் இதற்கு அனுமதி அளித்தது. இதில் இருப்பது நிலைக்காந்தம் என்பதால் ஹீலியம் தேவையில்லை. சக்கரங்களில் உருண்டு கட்டிலருகே வந்து, சாதாரண மின்பிளக்கில் இயங்குகிறது. குழந்தையின் தலை மட்டும் உள்ளே போகும். வென்டிலேட்டர் சற்றுத் தள்ளி ஓடிக்கொண்டேயிருக்கும்.

காந்தம் வலுக்குறைந்தால், மூளையின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் ரேடியோ சமிக்ஞையும் மெலிந்துவிடும். வார்டு நிறைய மின்கருவிகள் வேறு. திருவிழா இரைச்சலுக்குள் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற வேலை இது. கருவி சுற்றுப்புற இரைச்சலை அளந்து கழிக்கிறது; மிச்சத்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கொண்டு படமாக்குகிறது.

படம் பெரிய இயந்திரத்தின் அளவுக்குக் கூர்மையாக இருக்காது; சிறிய பாதிப்புகள் தப்பிவிடலாம். உடலில் உலோகக் கருவி பொருத்தியிருந்தால் முன்கூட்டியே சோதித்தாக வேண்டும். ஆனாலும் மூளையறைகளில் நீர் பெருகுகிறதா, பெரிய ரத்தக்கசிவு உண்டா, மூளை ஒருபக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்ற அவசரக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கக்கூடும். நாளை மறுபடி எடுத்து, நிலைமை எப்படி மாறுகிறது என்றும் பார்க்கலாம். துல்லியமான படத்துக்குப் பெரிய இயந்திரம் இருக்கட்டும். அங்கே போக முடியாத குழந்தைக்கு, இன்றே கிடைக்கும் மங்கலான படமும் சிகிச்சையின் திசையை மாற்றலாம்.